குடத்துக்கு வெளியே விஷம்

அத்தியாயம் 9

"மூச்சை அடக்கிட்டு உள்ள போ. விட்டத்துல ஒண்ணு, ஜன்னல்ல ஒண்ணு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு. கட்டித் தொங்கவிட்டுட்டு நிக்காம வெளிய வந்துரு" என்றாள் கிருஷ்ணவேணி.

"எட்டு வருசம் டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தவன்க்கா நான். மூச்சை அடக்குததுதான் அங்கன பாதி வேலையே" என்று சொல்லிவிட்டு, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காளிராஜ் அந்தப் படுக்கையறைக்குள் நுழைந்தான்.

அவன் கையில், மருந்து நீரில் நனைத்து நூலில் கோத்த காகிதத் துண்டுகள் இருந்தன. துப்பறிகிறவர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் அவன் கண்டக்டர் பையை வீசிவிட்டு கிருஷ்ணவேணியிடம் வேலைக்குச் சேர்ந்தான். வந்து பார்த்தால் அக்காவின் தோல்பையில் பழுப்பு நிறப் புட்டியும் வடிகட்டும் காகிதமும்தான் இருந்தன. தீப்பெட்டி ஆபீசுகளிலும் நூற்பாலைகளிலும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலையில் பதினேழு வருஷம் இருந்தவள் அவள். ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததும் மற்றவர்கள் ஆளைப் பார்ப்பார்கள். அவள் ஜன்னலைப் பார்ப்பாள்.

இந்த வீட்டு ஜன்னல் அவளுக்குப் பிடிக்கவில்லை. கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த, எழுபது எண்பது வருஷத்துப் பழைய வீடு அது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். படுக்கையறைக்கு இருந்த இரண்டு ஜன்னல்களில் ஒன்றை, பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உச்சியில் இருந்த காற்றோட்ட ஓட்டையில் மழைச்சாரலுக்குப் பயந்து சாக்கைத் திணித்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் அந்த அறை ஒரு பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்குள்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரி தீபலட்சுமி செத்துப்போனாள். இருபத்துநாலு வயசு. வியாழக்கிழமை தீபாவளி. புதுச்சேலையின் மடிப்பைக்கூட அவள் பிரிக்கவில்லை.

கணவன் ஹரிகிருஷ்ணன் நூற்பாலையில் நைட் ஷிப்ட். மாமியார் ராதாமணி புதியம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். புதன் காலையில் ஹரி வந்து கதவைத் தள்ளியபோது தீபலட்சுமி வாந்தி எடுத்து, குப்புற விழுந்து, உடம்பு குளிர்ந்து கிடந்தாள். உள்ளுறுப்புகள் சோதனைக்குப் போயிருந்தன. முடிவு வர மாசமாகும். அதற்குள் ஊர் முடிவு சொல்லிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை, அதனால் ஷிப்டுக்குப் போகும்முன் குடிதண்ணீரில் விஷத்தைக் கலந்துவிட்டுப் போனான் என்று பேச்சு. பெண்ணின் அப்பா கிட்டு புகார் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹரியைக் கைது செய்தார்கள். இன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கிருஷ்ணவேணியை அமர்த்தியதும் கிட்டுதான். "குடத்துத் தண்ணியில விஷம் இருந்துச்சுன்னு சொல்லுங்க தாயி. அது போதும் எனக்கு" என்று காலையில் அவள் ஆபீஸ் படியேறி வந்தவர், கயத்தாறுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தார். ஆடு மேய்த்துப் பிழைத்த குடும்பம். பத்து வருஷமாக நாலு குறுக்கம் கரிசல் நிலத்தில் பயறு போடுகிறார். ஒரே மகள்.

காளிராஜ் வெளியே வந்து கதவைச் சாத்தினான். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

முன்வாசலில் கிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தச் செப்புக்குடம். நேற்று மகளின் துணிமணியை எடுக்க வந்தவர், அவள் தலைமாட்டில் இருந்த குடத்தைப் பார்த்துவிட்டுக் கையோடு தூக்கிவிட்டார். தண்ணீரைப் போலீசிடம் கொடுத்துவிட்டு வெறுங்குடத்தை வைத்திருந்தார்.

"பாத்தீங்களா தாயி, எப்படிக் கறுத்துக் கிடக்குன்னு? திங்கக்கிழமை சாயங்காலம் எங்கண்ணு முன்னாலதான் புளி போட்டுத் தேச்சா. பொன்னாட்டம் இருந்துச்சு. விஷத்துக்குத்தான் செம்பு கறுக்கும்."

"விஷத்துக்குக் கறுக்கும்தான் அண்ணாச்சி" என்று கிருஷ்ணவேணி குடத்தை வாங்கி வெயிலில் சாய்த்தாள். "காளி, உள்ள பாத்துச் சொல்லு."

காளிராஜ் குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். வெளிப்பக்கம் முழுக்கக் கரிபிடித்தாற்போல் இருந்தது. உள்ளே, தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் செம்பு பளபளவென்று இருந்தது.

"உள்ள புதுசாட்டம் இருக்குக்கா."

"தண்ணியில விஷம்னா எது கறுக்கணும்?"

"தண்ணி தொட்ட இடம்." சொல்லிவிட்டுக் காளிராஜ் குடத்தை மறுபடியும் திருப்பிப் பார்த்தான். "இங்கன தண்ணி தொட்ட இடம்தான் தப்பிச்சிருக்கு. காத்து தொட்ட இடம்தான் கறுத்துருக்கு!"

"அறைக்குள்ள வேற என்ன பாத்த?"

"சுவர் ஓரமா ரெண்டு பல்லி செத்துக் கெடக்கு. நாலஞ்சு கரப்பான்." அவன் கிட்டுவின் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, பல்லி என்ன, டம்ளர்ல மோந்தா தண்ணி குடிச்சது?"

தண்ணீரில்தான் விஷம் என்று மூன்று நாளாகக் கிட்டு நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்தார். மருமகன் மேல் வைத்திருந்த கோபம்தான் அவரை எழுந்து நடக்க வைத்திருந்தது. அதை யாரோ அசைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அவன் வேற எதுலயாவது போட்டுருப்பான்" என்றார் கடைசியில்.

ராதாமணி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்திகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அரைமணி ஆனதும் கிருஷ்ணவேணி கதவைத் திறந்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லி, ஓட்டையில் இருந்த சாக்கைப் பிடுங்கச் சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு ஒவ்வொரு நூலாக வெளியே கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு நூலிலும் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"இது எதுக்கு ஜோடி போட்டுக் கட்டியிருக்கு? காகிதத்துக்குக்கூடக் கல்யாணமா?" என்றான் காளிராஜ்.

"ரெண்டும் வேற வேற மருந்துல நனைச்சது. சாக்கடை வாயு பட்டா ரெண்டும் கறுக்கும். நான் சந்தேகப்படுதது வேற ஒண்ணு. அதுக்கு முதல் காகிதம் மட்டும்தான் கறுக்கும்."

விட்டத்தில் கட்டிய ஜோடியில் முதல் காகிதம் லேசாகப் புகைந்தாற்போல் நிறம் மாறியிருந்தது. ஜன்னலில் கட்டியதும் அப்படியே. கட்டிலுக்கு அடியில் கட்டிய முதல் காகிதத்தைப் பார்த்ததும் காளிராஜ் விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். அது அட்டைக் கறுப்பு. எல்லா ஜோடியிலும் இரண்டாவது காகிதம் போட்டது போட்டபடி வெள்ளையாகவே இருந்தது.

"நாலு நாள் கழிச்சே இப்படின்னா, அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்துருக்கும்!" கிருஷ்ணவேணியின் குரல் இறங்கிவிட்டது. "கட்டிலுக்கு அடியில என்ன இருக்கு?"

"நாலு மூட்டை இருக்கு. தொட்டுப் பாத்தேன், பயறு மாதிரிதான் தெரியுது. போலீஸ்காரவியளும் பாத்துட்டுத்தான் போயிருக்காவ. பயறு மூட்டைய யாருக்கா சந்தேகப்படுவா?"

"கொல்லைக்கு இழுத்துட்டு வா. வெட்டவெளியில வச்சுத்தான் பிரிக்கணும்."

நான்கு மூட்டைகளையும் கொல்லை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வருவதற்குள் காளிராஜுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இரண்டு உளுந்து, ஒன்று பாசிப்பயறு, ஒன்று கம்பு. வாயை ஆட்டு ரோமக் கயிற்றால் கட்டியிருந்தது. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான். முடிச்சு அசையவில்லை.

"தள்ளும் தம்பி" என்று கிட்டு வந்தார். கயிற்றின் ஒரு நுனியைக் கண்டுபிடித்து ஒரே இழுப்பு. முடிச்சு தானாக அவிழ்ந்து விழுந்தது. "கிடா முட்டி இழுத்தாலும் அவுராது. தெரிஞ்சவன் தொட்டா ஒரு நொடி."

"நீங்க போட்ட முடிச்சா அண்ணாச்சி?" கிருஷ்ணவேணி மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"பின்ன? தீவாளிச் சீரு. எங்காட்டுப் பயறு. திங்கக்கிழமை மத்தியானம் வேன்ல ஏத்திட்டு வந்து நாந்தான் தோள்ல தூக்கி இறக்குனேன்."

காளிராஜ் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவப் போனான். கிருஷ்ணவேணி அவன் கையைத் தட்டிவிட்டு, ஒரு குச்சியால் கிண்டினாள். பயறுக்கு நடுவிலிருந்து சிறிய துணி முடிச்சு ஒன்று மேலே வந்தது. கட்டம்போட்ட சிவப்புத் துண்டின் கிழிசல். அவிழ்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பொடி. அவ்வளவுதான்.

கிட்டுவின் தோளில் கிடந்த துண்டும் கட்டம்போட்ட சிவப்புதான். ஒரு ஓரம் கிழிந்திருந்தது. காளிராஜ் அதைப் பார்த்தான். அண்ணாச்சி, வாயைத் திறக்காதீங்க என்று மனசுக்குள் கெஞ்சினான்.

கிட்டு வாயைத் திறந்தார். அதுவும் பெருமையாக.

"அது வண்டு மாத்திரை தாயி. கயித்தாத்துக் கடையில வாங்குனது. போன வருசம் வரைக்கும் செம்மண்ணு கட்டிக் காய வச்சுத்தான் அனுப்புவேன். எங்கப்பன் காலத்துலருந்து அதான் வழக்கம். போன வருசம் மழையில நமுத்து வண்டு விழுந்துட்டு. சம்பந்தியம்மா..." அடுப்படி வாசலை அவர் பார்க்கவில்லை. "பயற மொறத்துல போட்டுத் தெருவுல வச்சிக்கிட்டு, எங்க சம்பந்தி வண்டுல்லா சீர் குடுத்துருக்காருன்னு நாலு பேர்ட்ட சொன்னாவளாம். எம்மக பொங்கலுக்கு வந்தப்ப சொல்லி அழுதா. எனக்குச் சோறு இறங்கல. இந்த வருசம் ஒரு வண்டு வரக்கூடாதுன்னு வைராக்கியம். மூட்டைக்கு ஒண்ணு போதும்னான் கடைக்காரன். நான் அஞ்சு போட்டேன். எந்துண்டக் கிழிச்சு, அஞ்சஞ்சா முடிஞ்சு, ஏத்துததுக்கு முன்னால எங்கையாலயே வச்சேன். பாருங்க, ஒரு வண்டு இருக்கா?"

உள்ளங்கையில் பயறை அள்ளி நீட்டினார். நல்ல பயறு. ஒரு ஓட்டை இல்லை.

அடுப்படி வாசலில் ராதாமணி சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏதோ விளங்கத் தொடங்கியிருந்தது. கிட்டுவுக்கு இன்னும் விளங்கவில்லை.

"அண்ணாச்சி, முதல்ல கையக் கழுவுங்க. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

கொல்லை ஓரத்து அடிபம்புக்கு அவர் நடந்து போனார். பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. காளிராஜ் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்த மாத்திரைதானா?"

"ஈரம் பட்டா விஷ வாயுவா மாறும், மிச்சம் அந்தச் சாம்பல் பொடிதான். அன்னைக்கு அடைமழை. காத்தெல்லாம் ஈரம். ஜன்னல் சாத்தி, ஓட்டை அடைச்ச அறை. இருபது மாத்திரை. அதுக்கு மேல கட்டில். அவ காலையில வரைக்கும் இருந்திருக்க வழியே இல்ல."

"அவர்ட்ட சொல்லாதீங்கக்கா." காளிராஜ் அவள் வழியை மறித்து நின்றான். வேடிக்கையாக ஏதாவது சொல்லி எந்த இடத்தையும் தாண்டிவிடுகிறவன் அவன். இங்கே அவன் கெஞ்சினான். "வேற எதாவது சொல்லுவோம். யாரோ வச்சதுன்னு சொல்லுவோம். சாக்கடைன்னு சொல்லுவோம். அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

"ஹரி?"

"அக்கா..."

"மணி மூணே முக்கால். அஞ்சு மணிக்கு அவன ஜெயிலுக்குக் கொண்டுபோயிருவாவ. பொண்டாட்டி செத்து நாலு நாள் ஆகுது. உக்காந்து அழக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கல. அந்த மாத்திரைய வச்சது யாருன்னு வச்சவர் வாயால சொன்னாத்தான் அவன் வெளிய வருவான்."

பம்புச் சத்தம் நின்றது. கிட்டு கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தார். இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தாயி? அவன் எதுல போட்டான்னு தெரிஞ்சு போச்சா?"

கிருஷ்ணவேணி அவரை வேப்பமரத்தடிக் கல்லில் உட்காரச் சொன்னாள். தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆலைகளில் எத்தனையோ முதலாளிகளுக்கு முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவள். இப்போது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கறுத்த காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். பிறகு துணி முடிச்சை வைத்தாள். பிறகு சுருக்கமாகச் சொன்னாள். "உங்க மாப்ள ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. தண்ணி நல்ல தண்ணி. அந்த மாத்திரை வீட்டுக்குள்ள வைக்கிற பொருள் இல்ல. அதுலருந்து வந்த காத்துதான்."

கிட்டு காகிதத்தைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கிழிந்த ஓரத்தை அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், வேறு யாரோ போட்டதாக இருந்துவிடாதா என்பதுபோல். இரண்டும் பொருந்தின.

அவர் கத்தவில்லை. "கடைக்காரன் குடோன்லதான போடுதீரு அண்ணாச்சின்னு கேட்டான். ஆமான்னுட்டேன்" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது வார்த்தை வெளியே வராமல் வாய் மட்டும் அசைந்தது. காளிராஜ் கொல்லைச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

"என்னைய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கிட்டு எழுந்தபோது மணி நாலு.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வயசானவர், பொறுமையானவர். காகிதங்களையும் குடத்தையும் பார்த்தார். கிருஷ்ணவேணி சொன்னதைக் கேட்டார். கிட்டு சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார். "நான்தான் கொன்னேன்னு போடுங்க" என்று கிட்டு அடம்பிடித்தார். "தெரியாம வச்சதுன்னுதான் எழுத முடியும் பெரியவரே" என்றார் இன்ஸ்பெக்டர். "இல்ல, கொன்னேன்னு போடுங்க" என்று அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அது நடந்துகொண்டிருந்தபோது ஹரிகிருஷ்ணனை வராந்தாவுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். முப்பது வயசுகூட ஆகாத பையன். சட்டையில் இன்னும் பஞ்சுத்தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி நடந்ததைச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. மூட்டைய ஏன் கட்டிலுக்கு அடியில வச்சீங்க?" என்றாள் அவள்.

"உள்ளறையில ஒழுகுதுன்னு அவதான் இழுத்துட்டு வந்தா. செவ்வாக்கிழம நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒரு மாதிரி பூண்டு வாடை அடிச்சுது. இத எடுத்துத் தொழுவத்துல போடுவோம்னேன். கோவம் வந்துட்டு அவளுக்கு. எங்கப்பா தோள்ல சுமந்து வந்து இறக்குனத மாட்டுத் தொழுவத்துலயா போடுவீகன்னு கேட்டா." ஹரி மூக்கை உறிஞ்சினான். "வாடைதான, தலையில பூ வச்சிக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்கன்னு சிரிச்சா. நானும் போயிட்டேன்."

கிருஷ்ணவேணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். காளிராஜ் வராந்தாத் தூணில் சாய்ந்தான்.

அப்போது கிட்டு வெளியே வந்தார். கட்டைவிரலில் மை. மருமகனுக்கு எதிரே வந்து நின்றார். நேற்று இதே வாசலில் மண்ணை அள்ளி அவன் மேல் தூற்றியவர். இப்போது நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவன் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மாப்ள, அந்த மூட்டைய அங்கன வச்சது யாரு? எம்புள்ளையா? நான் குடுத்ததுன்னு நினைச்சு அவளே எடுத்து வச்சுக்கிட்டாளா?"

ஹரி எழுந்து நின்றான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். அந்த மனிதருக்கு இனி மிச்சமிருக்கிற ராத்திரிகள் எல்லாவற்றையும் அவன் அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல மாமா. நான்தான் வச்சேன். அவ வேண்டாம்னா. வாடை அடிக்கி, தொழுவத்துல போடுவோம்னா. நான்தான் கேக்கல."

காளிராஜ் பதறிப்போய் வாயைத் திறந்தான். கிருஷ்ணவேணி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அவளிடம் வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில், ஒரு பொய்யை அவள் கேட்டுக்கொண்டு சும்மா நின்றதை அவன் பார்த்ததே இல்லை.

கிட்டு கையை ஓங்கி மருமகனின் நெஞ்சில் அடித்தார். "சொன்னாள்லாடா! எம்புள்ள சொன்னாள்லா!" இன்னொரு அடி. அதற்கும் மேல் ஒரு அடி. ஏட்டு தடுக்க ஓடிவந்தார்.

"விடுங்க சார்" என்றான் ஹரி. "அடிங்க மாமா. நல்லா அடிங்க."